தொண்டைக்குள் ஒரு சான்றிதழ்

"ஏலே காளிதாஸு! என் உணவுக்குழாய்ல துளியூண்டு சதையைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்புல பாத்தாக. செல்லெல்லாம் அடுக்கடுக்கா இருக்காம், ஒரு குறையும் இல்லையாம்!"

மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்கு, நோயில்லாத ஆட்களில் ஒருவனாகப் போய்வந்த வேல்ராஜ் ரிப்போர்ட்டை ஆட்டினான். "நாளைக்கு இதக் காட்டித்தான் பூமிநாதன் மாமாகிட்ட துர்காவைப் பொண்ணு கேக்கப் போறேன்."

காளிதாஸுக்கு வயிறு எரிந்தது. துர்காவுக்கு அவனும் முறைமாப்பிள்ளைதான்.

அன்றே ரிப்போர்ட்டைத் திருடினான். பெயரை மாற்றி ஜெராக்ஸ் எடுத்தான். விடிந்ததும் திருவாடானைக்குப் போய் மாமாவிடம் நீட்டினான்.

பூமிநாதன் இரண்டு முறை படித்தார்.

"நோவு இல்லாதவன் தொண்டைக்குள்ள எதுக்குடா குழாயை விட்டுப் பாக்கான்?"

"நல்லாருக்குன்னுதானே மாமா போட்டுருக்கு?"

"இன்னைக்கு நல்லாருக்கு!"

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"துர்கா, வேல்ராஜை வரச் சொல்லு. அவன் ஆசுபத்திரிப் படியே மிதிக்காத பய!"