டிபன் பாக்ஸில் கொஞ்சம் புகை

காய்ச்சல் தடுப்பு மருந்தைப் புகையாக அடிக்கும் வண்டி அன்று மாலை வரும் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள். புகையைச் சுவாசித்தால் போதும், ஊசி வேண்டாம். அதில் இருப்பது பலவீனமாக்கிய, உயிருள்ள கிருமி. ஊரையே காப்பாற்றும்; தினகரனைக் கொன்றுவிடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு உதறிவிடாமல் இருக்க அவன் விழுங்கும் மாத்திரைகள், எதிர்ப்புச் சக்தி என்று அவனிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மனைவி கோமளா கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் உள்ளிருந்து டேப் ஒட்டி அடைத்தாள். ஆறு வயது மகள் நிலானியை அடுத்த தெருவில் சித்தி வீட்டில் விட்டிருந்தாள்.

வண்டி வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டபடி புகைக்குள் ஓடுவது கேட்டது. கொசு மருந்து வண்டிக்குப் பின்னால் ஓடியவர்கள் பெற்ற பிள்ளைகள்தானே!

சற்று நேரத்தில் சமையலறைக் கதவின் டேப் பிய்ந்தது. மருந்துப் புகை படிந்து தலையெல்லாம் ஈரமாக நிலானி ஓடிவந்து அப்பாவின் மடியில் ஏறினாள்.

"ஐயோ, ஏண்டி இங்க வந்தே?" கோமளா அலறினாள்.

"எல்லாருக்கும் குடுக்குறாங்க, அப்பாவுக்கு மட்டும் யாருமே குடுக்கலம்மா."

நிலானி தன் டிபன் பாக்ஸை அவன் மூக்கருகே நீட்டி மூடியைத் திறந்தாள்.

"மூச்சை நல்லா இழுப்பா. அப்பதான் காய்ச்சல் வராது."

அவள் கூந்தல் ஈரம் ஏற்கெனவே அவன் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இனி அவளைத் தள்ளிவிட்டு என்ன ஆகப்போகிறது?

தினகரன் நெஞ்சு நிறைய இழுத்தான்.

"போதுமா கண்ணு?"

நிலானி பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."