கான்ட்ராக்ட் நோயாளி

“இன்னும் கொஞ்சம் சத்தமா முனகுங்கக்கா. சார் வந்துட்டாரு” என்று மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தவளின் காதருகே கிசுகிசுத்தாள் நர்ஸ் லிடியா.

அந்தப் பெண் மெல்லக் கண்ணைத் திறந்தாள். “ராத்திரி ஊசி குத்துனதுலேர்ந்து கை எரியுதும்மா” என்றாள்.

“அதேதான். சார் கிட்ட வந்ததும் அப்படியே சொல்லுங்க.”

மந்தாரக்குப்பத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அன்று தேர்வு நாள். நரம்பில் செருகி வைக்கும் வென்ஃப்ளானைப் பராமரிக்க நர்ஸ்களுக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்க, சென்னையிலிருந்து சிவப்பிரகாசம் என்ற அதிகாரி வந்திருந்தார். தேறினால் லிடியா பர்மனென்ட். தேறாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

நிஜ நோயாளிகளை நம்ப முடியாது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதனால் தலைமை நர்ஸ் பார்வதி அவர்களையெல்லாம் முந்தின நாளே மாடிக்கு ஏற்றிவிட்டு, சங்கரலிங்கத்திடம் ஒரு நோயாளிக்குச் சொல்லி வைத்திருந்தார். சுரங்கத்துக்கு ஆள், கூட்டத்தில் கைதட்ட ஆள் என்று எதற்கும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் அவர். படுத்துக் கிடக்க ஓர் ஆள் அனுப்பமாட்டாரா?

“வடலூர்லேர்ந்து ஒரு அம்மா வரும். மூணாவது பெட்டுல படுக்க வச்சு, கையில சும்மா பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி நைட் ஷிப்ட்டுகிட்ட சொல்லியிருக்கேன். ஊசியெல்லாம் குத்த வேணாம்” என்று லிடியாவிடம் பார்வதி சொல்லியிருந்தார்.

லிடியா வந்தபோது நைட் ஷிப்ட் பெண்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் பிடிக்க ஓடியிருந்தார்கள். கீழ் வார்டில், மூன்றாம் கட்டிலில் இந்தப் பெண் ஒருத்திதான் படுத்திருந்தாள். கையில் பேண்டேஜ் தடிமனாகச் சுற்றியிருந்தது. பாட்டிலிலிருந்து மருந்துகூடச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. செய்தாலும் இப்படிச் செய்யவேண்டும் என்று லிடியா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் பார்வதியோடு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்துக் கேட்டார்.

“பேஷண்ட் கை எரியுதுன்னு சொன்னா?”

“வீக்கம், சிவப்பு, சூடு இருக்கான்னு தொட்டுப் பாக்கணும் சார்.”

“எரியுதுங்க” என்றாள் கட்டிலில் இருந்தவள்.

“குட். வீங்கியிருந்தா?”

“உடனே ட்ரிப்ஸ நிறுத்தி, வென்ஃப்ளானக் கழட்டணும். கையத் தூக்கி வைக்கணும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு வேற கையில போடணும்” என்று லிடியா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

“வீங்கிக்கினுதான் வருது, பன்னு மாரி. கழட்டி வுடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

பார்வதி பூரித்துப் போனார். “பாருங்க சார், எங்க பேஷண்ட்டுக்கே எவ்ளோ அவேர்னஸ்!”

“கட்டு எப்படி இருக்கணும்?”

“ஊசி போட்ட இடம் வெளிய தெரியணும் சார். மூடிக் கட்டவே கூடாது” என்று அந்தத் தடித்த பேண்டேஜின் மேல் கையை ஊன்றிச் சொன்னாள் லிடியா.

“ஐயோ!” என்று கட்டிலில் இருந்தவள் அலறினாள்.

லிடியா சட்டென்று குனிந்தாள். “ஓவரா போவுதுக்கா. கொஞ்சம் கொறைங்க.”

“மெய்யாலுமே உசுரு போவுதும்மா!”

அலறல் கேட்டு சிவப்பிரகாசம் முதல் முறையாகக் கட்டில் பக்கம் திரும்பினார். பேண்டேஜை நோக்கிக் கை நீட்டினார். லிடியா கட்டிலுக்குக் குறுக்கே ஓர் அடி வைத்தாள். பிரித்தால் ஊசியே இல்லாத கை வெளியே வந்துவிடும். வேலை போய்விடும்.

நீட்டிய கையால் அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“கையப் பாக்கறது வேற டீம். எங்களுக்கு நாலெட்ஜ் மட்டும்தான்” என்றார். “நூத்துக்கு நூறு போட்டிருக்கேன். இந்த மாதிரி நர்ஸ் கெடைக்க பேஷண்ட்டுங்க குடுத்து வச்சிருக்கணும்.”

முந்திரி பக்கோடா ஆறிக்கொண்டிருந்த அறைக்குப் பார்வதி அவரை அழைத்துப் போனார். போகிறபோது, ‘பர்மனென்ட்’ என்று லிடியாவைப் பார்த்து வாயசைத்தார்.

லிடியா நீளமாக மூச்சு விட்டாள். கட்டிலில் இருந்தவளின் தோளைத் தட்டினாள்.

“சார் போயாச்சுக்கா, எழுந்திரிங்க. அசத்திட்டீங்க. இன்னும் எதுக்கு அழுவறீங்க?”

அவள் எழுந்திருக்கவில்லை. பேண்டேஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் பையோடு, மூச்சிரைக்க ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“வடலூர்ல பஸ்ஸே கெடைக்கலீங்க” என்றாள். “நான் எந்த பெட்டுல படுக்கணும்?”