பி, ஆரில் தொடங்கும் ஐந்தெழுத்து

"பி, ஆர். அஞ்செழுத்து. அடுத்தது சொல்லுங்க."

"ப்ரெட்."

"அடுத்தது."

"ப்ரஷ்... ப்ரவுன்."

"ஆமை கூட உங்களைத் தாண்டிப் போயிடும். அடுத்தது."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றில் ஈவு இரக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் மேசையில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர், பத்திரிகைக்குத் தினமும் ஆங்கிலச் சொற்புதிர் எழுதிக் கொடுப்பவர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் புதிர்க்காரர். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய மண்டை திறந்திருந்தது. பெரிய டாக்டர் மூளையிலிருந்த கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்கவேண்டிய ஆபரேஷன். கட்டி, பேச்சுக்கான இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. நாக்கு தடுமாறினால் டாக்டர் கை அங்கேயே நின்றாக வேண்டும். மீறிப் போனால் பேச்சே போய்விடும். பயந்து முன்னாலேயே நிறுத்தினாலோ, மிச்சமிருக்கும் கட்டி மறுபடி வளரும்.

"வலிக்குதா ஐயா?" என்றாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். இப்படி ஒரு ஆபரேஷனை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள்.

"வலி இல்லம்மா. அசதியா இருக்கு. கண்ணைச் சொக்குது."

"நீங்க தூங்கறதுக்கா இத்தனை பேர் சுத்தி நிக்கறோம்? அடுத்தது," என்றார் அந்த அம்மா.

"ப்ரிக். ப்ரூம்."

"ப்ரூம்னா விளக்குமாறு. வீட்ல என்னிக்காவது அதைக் கையில எடுத்திருக்கீங்களா?"

"எடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"கரப்பான் அடிக்க."

மயக்க மருந்து டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. உயிருக்குப் போராடுகிற மனுஷனிடம் இப்படியா பேசுவது?

"கடைசி ஓரத்துல இருக்கேன்," என்றார் பெரிய டாக்டர். "ஒரு நூல் தள்ளித்தான் பேச்சு நரம்பு. இப்ப அவர் பேசிக்கிட்டே இருக்கணும்."

"ப்ரேக்... ப்ரிங்..." குரல் கம்மியது. கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் இறங்கியது.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, "ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்குங்க ஐயா. நான் பக்கத்துலயே இருக்கேன்," என்றாள்.

அவர் மூடிக்கொண்டார்.

"அடுத்தது?"

பதில் இல்லை.

"பி, ஆர். அடுத்தது சொல்லுங்க."

உதடு அசையவில்லை. டாக்டரின் கை நின்றது.

"பேசலையா, பேச முடியலையா?"

"தெரியல டாக்டர்."

"இன்னும் பத்து செகண்டு பார்க்கறேன். இல்லேன்னா இருக்கறதை இருக்கறபடி விட்டுட்டு மூடிடறேன். வேற வழியில்ல."

நர்ஸ் அவர் கையை இறுகப் பிடித்தாள். கடவுளே, என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் அப்பா மாதிரி இருக்கீங்க, சொல்லுங்கய்யா."

அசைவில்லை.

அந்த அம்மா அவளை ஒதுக்கிவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"நான் அப்பவே நினைச்சேன். இவர்கிட்ட ஏது வார்த்தை? முப்பது வருஷமா அகராதியைப் பார்த்துக் காப்பியடிச்சு ஊரை ஏமாத்தியிருக்கார். வீட்ல ஒருத்தி ஆக்கிப் போட்டா உக்காந்து தின்னுட்டு ஏப்பம் விடத்தான் தெரியும். புதிர்க்காரராம். பெத்த பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னு கேட்டாலே முழிக்கிற ஆளு."

நர்ஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மூடிய கண்கள் மூடியபடியே இருக்க, உதடு மட்டும் பிரிந்தது.

"ப்ரூட்."

"என்னது?"

"பி, ஆர், யூ, டி, ஈ. முரட்டு ஜென்மம்னு அர்த்தம். உங்களைத்தான் சொன்னேன்." கண்ணைத் திறந்து முறைத்தார். "இன்னும் வேணுமா? ப்ராஸ். ப்ரீஃப். ப்ராண்ட். ப்ரேவ். எழுதிக்குங்க. உங்களுக்கு எழுதத் தெரியுமோ என்னமோ."

"அப்படியே விடாமப் பேசுங்க," என்றார் டாக்டர். கை மறுபடி நகர்ந்தது.

இருபது நிமிஷம் புதிர்க்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் குழாயடிச் சண்டைதான். கடைசியில் டாக்டர் நிமிர்ந்தார். "முழுசா வந்துடுச்சு."

நர்ஸ் வெளியே ஓடினாள். புதிர்க்காரரின் மனைவி கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கட்டியை முழுசா எடுத்தாச்சு. பேச்சு கணீர்னு இருக்கு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஆனா ஒண்ணும்மா. அந்தப் பேச்சு டீச்சர் மேல நீங்க புகார் எழுதிக் கொடுக்கணும். சாட்சிக்கு நான் வரேன். தின்னுட்டு ஏப்பம் விடத்தான் தெரியும், பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னே தெரியாதுன்னு, வாய்க்கு வந்தபடி பேசிட்டாங்க."

மனைவி முகத்திலிருந்து கையை எடுத்தார். அழுத கண்ணோடு சிரித்தார்.

"பிள்ளை விஷயத்தையுமா விடல? அவர் அப்படித்தான் கண்ணு. கெஞ்சினா வாயே திறக்க மாட்டார். திட்டினா மட்டும் ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லாம விட்டதில்ல. உள்ள என்னை விட மாட்டாங்களாமே, அதான் நேத்து சாயந்திரம் முழுக்க உக்காந்து, நான் திட்டற திட்டையெல்லாம் அந்தம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். 'ஒரு நோயாளியை எப்படிம்மா இப்படியெல்லாம் பேசறது, எனக்கு வாய் வராது'ன்னு அவங்கதான் பாவம், அழுதுக்கிட்டே மனப்பாடம் பண்ணினாங்க."