கிணற்றின் எண்

நீரிலுள்ள நைட்ரேட் கைக்குழந்தைகளின் உடலில் நீலம் பாரிக்கச் செய்யும். ஆகவே, போகும் வீட்டுக் கிணற்றில் அதன் அளவு நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தால்தான் கைக்குழந்தையோடு வருவோருக்குப் பேருந்துச் சீட்டுக் கிடைக்கும். மகளுக்குத் திருமணமான நாள்முதல் செங்கோடன் தோட்டத்துக்கு யூரியா போடவில்லை. போன மாதம் நாற்பத்தாறு வரை இறங்கிய அளவை, இன்று காலை கிணற்றுக் கருவி ஐம்பத்தெட்டு என்று அறிவித்தது.

“உரம் ஏதாச்சும் போட்டீங்களாப்பா?” என்று மகள் கோகிலா தொலைபேசியில் கேட்டாள்.

“ஒரு குருணைகூடப் போடலை, கண்ணு.”

“மாட்டை எங்க கட்டியிருக்கீங்க?”

“கெணத்து மேட்டுல. கட்டில்ல படுத்துக்கிட்டே அதுகூட நாலு வார்த்தை பேசுவேன். வேற யாரு இருக்கறா?”



“அதோட மூத்திரமெல்லாம் கெணத்துலதானுங்கப்பா எறங்கும். இனி அளவு கொறையறதுக்குள்ள உங்க பேரன் நடந்தே வந்துருவான்.”

செங்கோடன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தோட்டத்தின் கடைசி வேலியோரம் கட்டினார். திரும்பி நடக்கையில் அது அவரைக் கூப்பிட்டது. அவர் பதில் சொல்லாமல் வந்து, கட்டிலைக் கிணற்றைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.