மேல் பக்கம்

பழங்காலப் பனிப்பாளம் ஒரு தீவைவிட்டு எப்போது விலகியது என்பதை, அன்றுமுதல் வானம் பார்த்துக் கிடந்த கல்லின் மேல் பக்கத்தில் சேர்ந்த வான்கதிர்த் தடம் சொல்லிவிடும். வடதுருவப் பகுதியில் அப்படியொரு தீவிலிருந்து கணவன் தயாபரன் கொண்டுவந்த கல்லில், மேல் பக்கம் இதுவென்று அவன் கையால் போட்ட அம்புக்குறி இருந்தது. அதை நம்பித்தான் வசுமதி அந்தப் பக்கத்தைச் சோதித்தாள்; தடம் குறைவாகவே இருந்தது. அவன் வாதிட்டபடியே, நெடுங்காலம் பனி மூடிய பரப்புக்குள் அந்தத் தீவையும் சேர்த்து வரைபடம் வரைந்தாள். இன்று தூசி தட்டும்போது கல் புரண்டது. அடியில், வெளிச்சம் பட்டால் மட்டுமே வளரும் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது.

“தெரியாம மாத்திக் குறிச்சிட்டீங்களா?” ஆமாம் என்று சொல்லிவிடமாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

“பனி இன்னும் கொஞ்ச காலம் இருந்துட்டுப் போகட்டுமே வசு. யாருக்கு என்ன நஷ்டம்?”

அம்பு மேலே இருக்கும்படி கல்லைத் திருப்பி வைத்தாள். ஆடியது. வைத்த முதல் நாளும் ஆடியது. அவள்தான் காகிதத்தை மடித்து அடியில் சொருகியிருந்தாள்.