ஃபிரிட்ஜ் அட்டை

"அட்டை ரொம்ப மெல்லிசா இருக்கே டாக்டர். எனக்கு இடுப்பு வலி வேற. ரெண்டாப் போட்டுத் தரக்கூடாதா?"

பாடகர் குழுத் தலைவி இப்படிக் கேட்டதும் பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பல்லைப் பிடுங்குகிறவர் தன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அட்டையை எடுத்துப் போட்டார்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தால் வந்த வினை.

"வீடில்லாதவங்க படற கஷ்டம் மெத்தையில புரண்டா தெரியுமா? ஒரு ராத்திரியாவது அவங்களை மாதிரி வெளியில அட்டையை விரிச்சுப் படுத்துப் பார்ப்போம்!" என்றார் போதகர். சபையே உருகிப் போய் ஆமென் சொன்னது. ஏற்பாடு மட்டும் செயலாளர் தலையில் விழுந்தது. செயலாளர் நம்ம டாக்டர்தான்.

பொழுது சாய்வதற்குள் ஆலய முற்றம் சந்தைக்கடையாகிவிட்டது. ஒருவருக்குக் கொசுவத்தி வேண்டும். ஒருவருக்கு போன் சார்ஜ் போட இடம் வேண்டும். பொருளாளருக்குப் பனி ஒத்துக்கொள்ளாதாம், அதனால் கூரைக்குக் கீழேதான் படுப்பாராம். டாக்டரின் மனைவி தன் பங்குக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, தலையணை கொண்டு வரலாமா? தப்பா நினைப்பாங்களா?"

"கட்டிலையே தூக்கிட்டு வா!"

அட்டை சேர்க்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கடைசியில் தெருமுனை ஃபிரிட்ஜ் கடைச் சந்தில், பிரித்துப்போட்ட ஃபிரிட்ஜ் பெட்டி அட்டைகளைச் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தார். முதலாளி இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆள், "சும்மா கிடக்கறதுதானே சார், எடுத்துக்குங்க" என்றார். டாக்டர் ஒன்று விடாமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் யாரோ கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள்.

தோளில் மூட்டையோடு ஒரு பெண். அவள் முதுகுக்குப் பின்னால் இருமிக்கொண்டு இன்னொருத்தி.

"என் அட்டையைக் குடுய்யா!"

"எதும்மா உன் அட்டை?"

"அதோ, அந்தம்மா ரெண்டாப் போட்டு உட்கார்ந்திருக்காங்களே, அதுல ஒண்ணு என்னோடது, ஒண்ணு இவளோடது. கடைக்காரர் எங்களுக்குன்னு எடுத்து வைக்கறது. நீ கார்ல ஏத்திட்டு வந்துட்டேன்னு கடையில புது ஆள் சொன்னாரு. யாரைக் கேட்டு எடுத்தே?"

டாக்டருக்கு வந்ததே கோபம்! இதுகளுக்காக இத்தனை பேர் முதுகு நோகப் படுக்கப் போகிறோம். இவளோ எடைக்குப் போடுகிற அட்டைக்காக மானத்தை வாங்குகிறாள். நல்லதுக்கே காலமில்லை.

"சத்தம் போடாதேம்மா. சாப்பாட்டுப் பொட்டலம் தர்றேன், வாங்கிட்டுப் போ."

"சோறு யாரு கேட்டா? பொட்டலத்து மேலயா படுக்க முடியும்? மழை பெஞ்சு தரையெல்லாம் ஈரம். அட்டை இல்லாம படுத்தா விடியறதுக்குள்ள இவளுக்கு இழுப்பு வந்துடும்யா!"

டாக்டருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தார். பாடகர் குழுத் தலைவி அட்டையின் மேல் விரிப்பு விரித்து, காலை நீட்டி, அப்பாடா என்று சாய்ந்திருந்தார். அவரை எழுப்பி அட்டையை உருவுகிற தைரியம் டாக்டருக்கு இல்லை.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கம்மா. நாங்களும் இன்னிக்கு வெளியிலதான் படுக்கறோம்."

"நீங்களா?"

"ஆமா. இத்தனை பேரும்தான்."

அவள் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். வரிசையாகப் போர்வைகள். மடியில் பிள்ளைகள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரளும் ஓர் அம்மாள்.

பிடித்திருந்த கேட்டை விட்டாள். பின்னால் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி போகலாம். அட்டை அவங்ககிட்டயே இருக்கட்டும். பாவம், இத்தனை பேருக்கும் வீடு போயிடுச்சு போலிருக்கு!"