எட்டு ட்ராக் ஒப்பாரி

மாயக்காள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எதிரே சம்மணமிட்டிருந்த பொன்ராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அருமைக்கா. இப்ப வேற பொம்பளையா மாறி அழு. கொஞ்சம் கட்டைக் குரல்ல."

"அடப் பாவி, ஆறு பொம்பளையா அழுதாச்சு. செத்த வீடா இருந்தா இந்நேரம் ஒரு காப்பித்தண்ணி குடுத்திருப்பாக."

இருவருக்கும் நடுவில் எவர்சில்வர் தட்டு அளவில் உட்கார்ந்திருந்தது, பொன்ராஜின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் ரெக்கார்டர். எட்டு ட்ராக். ஒரே ஆளை எட்டு முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எட்டுப் பேர் சேர்ந்து பாடுவதுபோல் கேட்கும். அருப்புக்கோட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிற பொன்ராஜுக்கு அன்று முதல் தான் ஒரு இசையமைப்பாளர் என்ற நினைப்பு. மாடி அறை ஜன்னலில் மெத்தையை முட்டுக் கொடுத்து ஸ்டுடியோ ஆக்கினான். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் மட்டும் அடங்கவில்லை. கரண்டு போனால்தான் தறி நிற்கும் என்பதால், கரண்டு போகும் நேரம் பார்த்து பேட்டரியில் ரெக்கார்டிங் நடத்தினான்.

ஆனால் அவனை நம்பிப் பாட்டுக் கொடுக்க வெகுநாள் ஒரு ஆள் வரவில்லை. முதலில் வந்தவர் மல்லாங்கிணறு மிளகாய் வத்தல் வியாபாரி அழகுராஜா. அறுபதைத் தாண்டியவர். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, "இந்த வாயு ஒண்ணு மனுசனைப் படுத்துது" என்று நெஞ்சை நீவிக்கொண்டு, ஒரு கோலி சோடா வாங்கி வரச் சொன்னார். ஏப்பம் விட்டபின் விஷயத்துக்கு வந்தார்.

"எங்கய்யா உக்கிரபாண்டிக்குத் தொண்ணூறு ஆச்சு. போன மாசம் முடிஞ்சுபோச்சுன்னு சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டேன். எல்லாரும் மாலையோட வந்து எறங்குறாக, இவரு எந்திரிச்சு ஆட்டுக்கால் சூப்பு கேக்குறாரு. ஆனா எந்நேரமும் போயிரலாம்."

"அதுக்கு நான் என்ன அண்ணாச்சி செய்யணும்?"

"வீட்டுல நாலு மருமக. எங்கய்யா பேசியிருக்கிற பேச்சுக்கு ஒருத்தி கண்ணுலயும் தண்ணி வராது. கூலிக்கு ஆள் வச்சா ஊரு காறித் துப்பும். நீ ஒரு கூட்டமே அழுகுற மாதிரி கேசட்டு போட்டுக் குடு."

திட்டத்தையும் அவரே சொன்னார். வீட்டுக்குப் பின்னால் வத்தல் குடோன் இருக்கிறது. சாவி நிலைக்கு மேல் இருக்கும். செய்தி கேட்டதும் பின் சந்து வழியாக வந்து, ஸ்பீக்கரை வீட்டுப் பக்க ஜன்னலில் வைத்துப் போட்டுவிட வேண்டும். பெண்கள் உள்ளே அழுகிறார்கள் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர் நினைத்துக்கொள்ளும்.

"எவன்கிட்டயும் வாயைத் தொறக்காத. பாடுற பொம்பளை வாயையும் கட்டிரு. எங்க வீட்டு ஆளுகளுக்குக்கூடத் தெரியக் கூடாது."

ஒப்பாரி பாடும் மாயக்காளைப் பிடித்து எட்டு அழுகையையும் பொன்ராஜ் பதிந்து வைத்தான். ஆடி பிறந்த வாரம், மல்லாங்கிணறு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் டீக்கடையில் சாவுச் செய்தி சொன்னார்: "வத்தக்கடை அழகுராஜா வீட்டுல துட்டி விழுந்திருச்சு." பொன்ராஜ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ரெக்கார்டரையும் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான்.

குடோனுக்குள் கால் வைத்ததுமே வத்தல் நெடி மூக்கில் ஏறியது. தும்மி, கண் கலங்கி, தடவித் தடவிப் பிளக்கைச் சொருகினான். அப்போதுதான் கவனித்தான், வீட்டுக்குள் ஏற்கெனவே அழுகை கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

'நாலு மருமகளும் இந்தப் போடு போடுறாளுக. அண்ணாச்சிக்குப் பொம்பளைக மனசே தெரியல' என்று நினைத்தபோது அவனுக்கு லேசாக எரிச்சல் வந்தது. எட்டு ட்ராக் உழைப்பு வீணாகலாமா? வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகினான்.

"தொண்ணூறு வயசுலயும் தூணா நின்னவரே, எங்க உக்கிரபாண்டி ராசாவே, உசுர விட்டுப் போனீரே!"

எட்டு மாயக்காள்கள் ஒரே நேரத்தில் மாரில் அடித்துக்கொண்டார்கள். உக்கிரபாண்டியின் பேர் இடப்பக்க ஸ்பீக்கரில் புறப்பட்டு வலப்பக்கத்தில் போய்த் தேம்பியது. பொன்ராஜுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

வீட்டுக்குள் அழுகை ஒவ்வொரு குரலாகக் குறைந்து, சுத்தமாக நின்றுபோனது. வாசலில் பேச்சுச் சத்தமும் இல்லை. மொத்த ஊரும் தன் வேலையில் சொக்கிப்போய்விட்டது என்று பொன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குடோன் கதவு திறந்தது. ஒல்லியான ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் கண்கள் சிவந்து நீர் வடிந்தது. வத்தல் நெடி பெரியவருக்குத் தாங்கவில்லை என்று நினைத்த பொன்ராஜ் மரியாதையாக எழுந்து பாட்டை நிறுத்தினான்.

"உக்கிரபாண்டி செத்துட்டான்னு ஒனக்கு யாருப்பா சொன்னது?"

ரகசியம் காப்பதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் திருட்டுப் பட்டம் வந்துவிடக் கூடாதே.

"எல்லாம் அழகுராஜா அண்ணாச்சி ஏற்பாடுதாங்கய்யா. வேணும்னா அவுகளையே கூப்பிட்டுக் கேளுங்க."

கிழவர் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவனைத்தாம்ப்பா உள்ள கெடத்தியிருக்கு. உக்கிரபாண்டி நான்."